ஐம்பத்தொன்பது முறை அடித்த மணி

முப்பது வருடத்துக்கு மேல் கனடாவில் இருந்தும் நான் இங்கிலாந்துக்குப் போனதில்லை. லண்டனில் சொந்தக்காரர் நிறைய. கலியாண அழைப்புகள் வந்தபடி இருக்கும். போகாமல் விட ஒவ்வொரு முறையும் ஒரு நல்ல காரணம் கைவசம் இருந்தது. மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் வேலை, லீவு தரமாட்டார்கள். மகளுக்குப் பள்ளிக்கூடச் சோதனை. அம்மாவுக்கு நீரிழிவு. கடைசியில் நான் போனது அண்ணன் செத்து ஐந்து கிழமைக்குப் பிறகு. அப்போது மட்டும் எந்தக் காரணமும் குறுக்கே வரவில்லை.

அண்ணன் சிவநேசன் இருந்த ஊரின் பெயர் லிட்டில் ஆர்ன்லி. அங்கிருந்து மார்கரெட் என்ற பெண்மணி எழுதிய கடிதம், மில்லிக்கனில் எங்கள் தபால் பெட்டிக்குள் பீட்சா விளம்பரங்களோடு கிடந்தது. நான் வருடா வருடம் அண்ணனுக்கு அனுப்பும் மிளகாய்த்தூள் பெட்டியில் முகவரியைக் கண்டு எழுதியிருந்தார். ‘உங்கள் சகோதரர் கஸ் தூக்கத்திலேயே காலமாகிவிட்டார். ஊரே கூடி வழியனுப்பினோம். நினைவுக் கல்லில் என்ன எழுதுவது என்று குடும்பத்தார்தான் சொல்ல வேண்டும்.’

கஸ் என்பது குகநேசனின் சுருக்கம். குகநேசன் என் அண்ணன் இல்லை, தம்பி.

நாங்கள் மூன்று பேர். அண்ணன், நான், குகன். யுத்த காலத்தில், ஊரில் ஒரு நாள் காலை துவக்கோடு சிலர் அண்ணனைத் தேடி வந்தார்கள். அண்ணன் வீட்டில் இல்லை. விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று குகனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவில்லை. எங்கே கேட்டாலும், அப்படி ஒருவரைப் பிடித்ததாகப் பதிவே இல்லை என்றார்கள். பதிவு இல்லாதபடியால் அந்தப் பெயரில் ஒரு கறையும் இல்லை. அண்ணனின் பெயரோ எல்லாச் சோதனைச் சாவடியிலும் இருந்தது. ஆகவே அண்ணன் குகனின் பிறப்புச் சான்றிதழோடு நாட்டை விட்டுப் போனார். இங்கிலாந்து அவரைக் குகநேசனாக ஏற்றுக்கொண்டது, பிறகு அந்தப் பெயரிலேயே குடியுரிமையும் தந்தது. அந்தப் பெயரோடு இன்னொரு விமான நிலையத்தில் போய் நிற்க அவருக்குத் துணிவு வரவில்லை. நானும் போகவில்லை. போனில் மட்டும் கதைத்தோம்.

“மலர், போனிலை என்னை நேசண்ணை எண்டு கூப்பிடாதை. ஆர் கேட்டுக்கொண்டு இருக்கினமோ தெரியாது” என்பார். அதனால் நான் அவரை எந்தப் பெயராலும் கூப்பிடுவதில்லை. “ஹலோ, சாப்பிட்டாச்சோ?” என்று தொடங்கி, “சரி, வைக்கிறன்” என்று முடிப்பேன்.

பெட்டியில் வெள்ளைத் துணியில் சுற்றி ஒரு செம்பு வைத்தேன். சாம்பலைக் கொண்டுவர.

முதல் நாள் ரயிலை விட்டு இறங்கி பஸ் நிலையத்தில் கேட்டபோது சாரதி சிரித்தார். “லிட்டில் ஆர்ன்லிக்கா? செவ்வாயும் வெள்ளியும்தான்.” அன்றைக்குப் புதன். ரொறன்ரோவில், ஸ்டீல்ஸ் தெருவில் பஸ் பத்து நிமிடம் பிந்தினால் நாங்கள் பெரிய சத்தம் போடுவோம். இங்கே இரண்டு நாள் பிந்துவதை ஒரு மனிதர் சிரித்துக்கொண்டே சொல்கிறார். மழை வேறு தூறியது. அங்கேயே நின்று முழித்துக்கொண்டிருந்த என்னை, முட்டை வான் ஓட்டி வந்த ஹெலன் என்ற பெண் ஏற்றிக்கொண்டார். பின்னால் தட்டுத் தட்டாக முட்டை. ஒவ்வொரு வளைவிலும் நான் முட்டைக்காகப் பயந்தேன்.

“நீங்கள் கஸ்ஸின் அக்காவா?” என்று ஹெலன் கேட்டார்.

எனக்கு அறுபத்திரண்டு. குகன் இருந்தால் அவனுக்கு ஐம்பத்தொன்பது. கடுதாசிக் கணக்கில் நான் அக்காதான். “ஓம்” என்று தமிழிலேயே வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அந்த வானுக்குள் நான் என் சொந்த அண்ணனுக்கு அக்கா ஆனேன். அடுத்த நான்கு நாளும் ஊரில் எல்லோரும் என்னை அப்படியே அறிமுகம் செய்தார்கள்.

ஹெலன் என்னை இறக்கிவிட்டது, சேர்ச் காரியங்களைக் கவனிக்கும் மார்கரெட்டின் வீட்டில். அவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். உயரம், சுறுசுறுப்பு, காலில் சேற்றுச் சப்பாத்து. சூப்பும் பாணும் தந்தார். சூப்பில் உப்பு இல்லை, தேத்தண்ணீரில் தேயிலை இல்லை. முகம் சுளிக்காமல் குடித்துவிட்டுக் கேட்டேன்: “அவருடைய சாம்பல் எங்கே இருக்கிறது?”

மார்கரெட் கரண்டியை மெல்ல வைத்தார். “சாம்பலா?”

சேர்ச் வளவின் கிழக்கு மூலையில், ஒரு மரத்துக்குக் கீழே, இன்னும் புல் மூடாத மண் மேடு இருந்தது. சின்னப் பலகையில் குகநேசன் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எங்கள் குடும்பத்தில் யாரையும் புதைத்ததில்லை. நாங்கள் எரிப்பதுதான் வழக்கம் என்று சொன்னேன். மார்கரெட்டின் முகம் வெளிறிவிட்டது.

“ஞாயிறு தவறாமல் சேர்ச்சுக்கு வருவார். அதனால் நாங்கள்…” என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு தலையை ஆட்டினார். “இல்லை. யோசித்துப் பார்த்தால் அவர் ஒரு நாளும் பிரசங்கம் கேட்டதில்லை. கோபுரத்தில் மணி அடிப்பார். அடித்து முடிந்ததும் ஊர்க் கடையைத் திறக்கப் போய்விடுவார். மன்னியுங்கள். நாங்கள் யாரையாவது கேட்டிருக்க வேண்டும்.”

“கேட்பதற்கு யாரும் இருக்கவில்லையே” என்றேன். அது அவருக்குச் சொன்ன பதில் இல்லை.

அன்றைக்குப் பெட்டியைத் திறந்து உடுப்பு எடுக்கும்போது மார்கரெட் செம்பைக் கண்டார். பரிசு என்று நினைத்துவிட்டார். “எவ்வளவு அழகு!” என்று இரண்டு கையாலும் வாங்கினார். காலையில் எழும்பிப் பார்க்கிறேன், என் அண்ணனின் சாம்பலுக்கு வைத்திருந்த செம்பில் மஞ்சள் பூக்கள் நிற்கின்றன. நான் திருத்தவில்லை. கோபம் வரவேண்டிய இடம் அது, ஆனால் வரவில்லை.

இரண்டாம் நாள் மார்கரெட் எனக்கு ஊரைச் சுற்றிக் காட்டினார். சுற்ற அரை மணித்தியாலம் போதும். ஒரு சேர்ச், ஒரு மண்டபம், பூட்டிய பள்ளிக்கூடம், பிரதான வீதியில் பூட்டிய பெற்றோல் நிலையம். அண்ணன் முதலில் வேலைக்கு வந்தது அங்கேதான். அது மூடியபோது எல்லோரும் போனார்கள், இவர் மட்டும் போகவில்லை. பிறகு ஊர்க் கடைக்காரரும் விட்டுப் போனார். ஊர்ச் சனம் கூடி, முறை வைத்துத் தாங்களே கடையை நடத்தத் தீர்மானித்தார்கள். திங்கள் ஒருவர், செவ்வாய் ஒருவர். ஆனால் விடிய எழும்பிக் கடை திறக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. கதவு திறக்கும் முறை மட்டும் ஏழு நாளும் அண்ணனுக்கு வந்தது. கதவுக்குப் பக்கத்தில் இன்னும் அந்த அட்டவணை தொங்குகிறது. எல்லாக் கட்டத்திலும் கஸ், கஸ், கஸ்.

“சின்ன ஆர்ன்லி இது. பெரிய ஆர்ன்லி எங்கே?” என்று கேட்டேன்.

ஒரு வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கச் சொன்னார். செம்மறிகள் மேயும் வயல். புல்லுக்கு அடியில் நீள நீளமாக மேடு பள்ளம். “அதுதான். கொள்ளைநோய் வந்த காலத்தில் அழிந்துபோன ஊர். தப்பியவர்கள் இங்கே வந்தார்கள் என்று சொல்வார்கள். சேர்ச்சின் பெரிய மணி அவர்கள் கொண்டுவந்ததாம். உண்மையோ தெரியாது, எங்களுக்கு அப்படிச் சொல்லப் பிடிக்கும்.” பெரியது அழிந்துவிட்டது, சின்னதின் பெயர் நிலைத்துவிட்டது. எங்கள் வீட்டுக் கதை மறுபக்கம், அங்கே அழிந்தது சின்னவன். என்னால் அந்த வயலை அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

முச்சந்தியில் ஒரு கல் தூண். பழைய உலக யுத்தத்தில் செத்த ஊர்ப் பெடியன்களின் பெயர்கள், ஒரே குடும்பப் பெயர் மூன்று இடத்தில். இவர்களை இங்கேயா புதைத்தார்கள் என்று கேட்டேன்.

“கீழே ஒருவரும் இல்லை” என்றார் மார்கரெட். “பாதிப் பேரின் உடல் கிடைக்கவே இல்லை. எங்கேயோ பிரான்ஸ் சேற்றில். அதற்காகப் பெயரை வைக்காமல் விட முடியுமா?”

திரும்பும்போது மெதுவாகச் சொன்னார்: “கல் செதுக்குபவர் திங்கள் வருகிறார். ஞாயிறுக்குள் பெயரும் பிறந்த திகதியும் எழுதித் தந்தால் நல்லது.”

அப்போதுதான் நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று எனக்கே விளங்கியது. குகநேசன் என்று எழுதினால் அண்ணன் இந்தப் பூமியில் ஓர் இடத்திலும் இல்லை. சிவநேசன் என்று எழுதினால், இருபத்தைந்து வருடமாக ஊருக்குக் கடை திறந்த மனிதர் பொய்க்காரர் ஆகிவிடுவார். அது மட்டும் இல்லை. அம்மா குகனுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்ய விடவில்லை. சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாலாம் மாடியில் இருந்தபோதும் சரி, மில்லிக்கன் வீட்டுக்கு வந்த பிறகும் சரி, திவசம் என்ற சொல்லையே எடுக்க விடவில்லை. “அவன் வருவான்” என்பார். இப்போது நான் கல்லில் அவன் பெயரை எழுதக் கொடுத்தால், என் தம்பி செத்துவிட்டான் என்று என் கையாலேயே எழுதிக் கொடுப்பதுதான்.

அம்மாவின் கடைசி மாதங்களில் அவருக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. ஒரு நாள் அண்ணன் போன் எடுத்தபோது நான் அம்மாவின் காதில் வைத்தேன். “ஆர், குகனோ?” என்று கேட்டார்.  “ஓம் அம்மா, குகன்தான். நான் நல்லா இருக்கிறன்” என்றார் அண்ணன். அம்மா அன்றைக்கு முழுக்கச் சிரித்தபடி இருந்தார். மூத்த மகனைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. அதை அண்ணன் எப்படித் தாங்கினார் என்று நானும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் வெள்ளி. வெள்ளிக்கிழமைகளில் ஊர் மண்டபத்தில் வயதானவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு. அண்ணன் இருந்தவரை அவர்தான் பருப்புக்கறி வைப்பாராம், நான் அனுப்பும் தூளில். அவர் போன பிறகு, அவர் நினைவாகத் தாங்களே வைக்கிறார்கள். எனக்கு ஒரு பெரிய கிண்ணம் நிறையத் தந்து, சுற்றி நின்று என் வாயையே பார்த்தார்கள். பருப்புக்குள் அப்பிள் துண்டும் முந்திரிகை வற்றலும் கிடந்தன. தூளைத் தாளிக்காமல் மேலே தூவியிருந்தார்கள். அப்படி ஒரு கறியை நான் என் வாழ்நாளில் சாப்பிட்டதில்லை. “அவர் செய்வது மாதிரி இருக்கிறதா?” என்று ஒரு கிழவர் கேட்டார். அப்படியே இருக்கிறது என்று சொல்லிவிட்டு அழுதேன். உறைப்பு என்று நினைத்துத் தண்ணீர் கொண்டு ஓடி வந்தார்கள்.

கேட்டவர் டெரெக், மணி அடிப்பவர்களின் தலைவர். கையிரண்டும் கயிறு இழுத்து இழுத்துத் தடித்துப் போயிருந்தன. கோபுரத்தில் ஆறு மணிகள், ஆனால் நெடுநாளாக ஐந்து பேர்தான் இருந்தார்களாம். ஒரு மழை நாளில் ஒதுங்க வந்த அண்ணனிடம் ஆறாவது கயிற்றைக் கொடுத்தாராம்.

“கிறிஸ்தவரா என்று கேட்கவில்லையா?” என்றேன்.

“கை சும்மா இருக்கிறதா என்று கேட்டேன்” என்றார் டெரெக். “எங்களுக்கு ஒரு ஆள் குறைந்தது.”

பிறகு அவரே சொன்னார். இந்த ஊரில் ஒருவரை அடக்கம் செய்யும்போது, பெரிய மணியின் நாக்கில் தோல் உறை கட்டி, ஒரு வயதுக்கு ஓர் அடி அடிப்பார்கள். முந்தின காலத்தில் வயலில் நிற்பவர்கள் எண்ணிப் பார்த்து, செத்தது யார் என்று கண்டுபிடிப்பார்களாம். “எண்பத்துநாலு என்றால் இன்ன கிழவி. ஏழில் நின்றால் எல்லோரும் வீட்டுக்கு ஓடுவார்கள், பிள்ளை யாருடையது என்று பார்க்க.” அண்ணனுக்கு அவரே அடித்தார். எண்ணிக்கை தவறாமல் இருக்க மார்கரெட் பக்கத்தில் நின்று, அடிக்கு ஒரு தீக்குச்சியாக மேசையில் வைத்தார்.

“ஐம்பத்தொன்பது” என்றார் டெரெக் பெருமையாக. “ஒன்றுகூடத் தவறவில்லை.”

அண்ணனுக்கு அறுபத்தைந்து.

பின்னேரம் மகளுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவள் ரொறன்ரோவில் பிறந்தவள், மாமனை ஒரு நாளும் கண்டதில்லை. “அம்மா, ஜஸ்ட் லீவ் இட். அவையள் மாமாவை அப்பிடித்தானே தெரிஞ்சு வைச்சிருக்கினம். ஏன் ஸ்பொயில் பண்ணுறியள்?” என்றாள்.

“மாமா எண்டு சொல்லுறாய். அவற்றை பேர் என்னெண்டு உனக்குத் தெரியுமோ?”

கொஞ்சம் யோசித்தாள். “யூ ஓல்வேஸ் ஜஸ்ட் செட் ‘யூகே மாமா’ அம்மா. நீங்கள் சொல்லித் தரேல்லையே.”

உண்மைதான். சின்னப் பிள்ளை வாய் தவறி எங்கேயாவது சொல்லிவிடும் என்று பயந்து, என் அண்ணனின் பெயரை என் மகளுக்கே நான் சொல்லிக் கொடுக்கவில்லை. யார் வந்து பிடிக்கப்போகிறார்கள்? பயம் பழகிவிட்டது, அவ்வளவுதான். “சரி, வைக்கிறன்” என்று போனை வைத்தேன்.

சனிக்கிழமை முழுக்க, கல்லுக்கான விபரம் எழுத மார்கரெட் தந்த தாளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். சீஸும் ஊறுகாயும் வைத்த சான்விச் ஒன்று பக்கத்தில் காய்ந்துபோனது. பிறகு எழும்பி முச்சந்திக்கு நடந்தேன். தூணில் இருந்த ஒவ்வொரு பெயரையும் வாசித்தேன். இந்தத் தாய்மாரும் அவன் வருவான் என்றுதான் சொல்லியிருப்பார்கள். பிறகு ஒரு நாள் கல்லுக்குச் சம்மதித்திருப்பார்கள். அம்மாவிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். பக்கத்து மர வாங்கில் உட்கார்ந்து, தாளில் இரண்டு வரி எழுதினேன்: குகநேசன். அவனுடைய அண்ணன் சிவநேசன். திகதி ஒன்றும் எழுதவில்லை.

ஞாயிறு காலை பூசை முடிந்து சனம் கலைந்த பிறகு, கோபுரத்தின் சுழல் படியில் மூச்சு வாங்க ஏறினேன். மணிக்கூடத்தில் மார்கரெட்டும் டெரெக்கும் கயிறுகளைச் சுற்றிக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். தாளை மார்கரெட்டிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு, “கஸ்ஸுக்கு ஓர் அண்ணன் இருந்தாரா?” என்று கேட்டார்.

“நீங்கள் புதைத்தது அந்த அண்ணனைத்தான்” என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். என் ஆங்கிலம் விமானச் சமையற்கட்டு ஆங்கிலம், உடைந்து உடைந்து வந்தது. குகனைக் கூட்டிப் போனது, பிறப்புச் சான்றிதழ், அம்மா, போன், மிளகாய்த்தூள் எல்லாம். “அவர் உங்களை ஏமாற்ற நினைக்கவில்லை. அந்தப் பெயரைக் கழற்ற அவருக்கு வழி தெரியவில்லை.”

 மார்கரெட் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். “பாதிரியாருக்கு ஏழு ஊர் பார்க்க வேண்டும். நான் நீட்டும் இடத்தில் கையெழுத்து வைப்பார்” என்றார். பிறகு என் தோளில் கை வைத்தார். 

டெரெக் என்னைப் பார்க்கவில்லை. கோபம் போலும் என்று நினைத்தேன். “அவர் எத்தனை வயது மூத்தவர்?” என்று கேட்டார்.

“ஆறு.”

“அப்படியென்றால் எனக்கு எண்ணிக்கை தவறிவிட்டது” என்றார். அலுமாரியைத் திறந்து தோல் உறையை எடுத்துக்கொண்டு, வயதான முழங்கால்களோடு மேலே ஏணியில் ஏறினார். இறங்கி வந்து பெரிய மணியின் கயிற்றை அவிழ்த்து என் கையில் தந்து, என் கைகளுக்கு மேலே தன் கைகளை வைத்தார். மார்கரெட் தீப்பெட்டியைத் திறந்தார்.

கயிறு நான் நினைத்ததைவிட மிருதுவாக இருந்தது. இந்த இடத்தைத்தான் அண்ணனும் பிடித்திருப்பார். முதல் அடியில் தரை அதிர்ந்தது. தோலுக்குள்ளிருந்து வந்த சத்தம் அடங்கும் மட்டும் காத்திருந்து மறுபடி இழுத்தோம். மேசையில் ஒவ்வொன்றாகக் குச்சிகள் சேர்ந்தன. ஆறாவது அடி ஓய்ந்த பிறகும் நான் கயிற்றை விடவில்லை. டெரெக்தான் விரல்களை மெல்லப் பிரித்து எடுத்தார்.

கீழே இறங்கி வெளியே வந்தேன். வீட்டு வாசல்களில் சனம் நின்றது. ஹெலன் முட்டை கழுவிய கையோடு, ஈரம் சொட்டச் சொட்டச் சேர்ச் வாசலுக்கு ஓடி வந்தார். முகத்தில் இரத்தமே இல்லை.

“ஆறோடு நின்றுவிட்டதே! யாருடைய பிள்ளை? செத்தது யார்?”

“பிள்ளை இல்லை” என்றேன். “என் அண்ணன். அவருடைய பெயர் சிவநேசன்.”